கனடா ரிஎஃப்எஸ்ஏ: புதிதாக வந்தவர் எந்தக் குறியீட்டு நிதி வாங்குவது?

புதுவரவு · 2025 ஜனவரி 11

2023 ஒக்ரோபரில் குடும்பத்தோடு கனடா வந்தோம். ஸ்காபரோவில் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். ரிஎஃப்எஸ்ஏ (TFSA, இலாபத்துக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு) வரம்பு 102,000 டொலர் என்று வங்கியில் சொன்னார்கள். கையிலிருந்த 35,000-ஐ ஜனவரி 6-ஆம் திகதி போட்டுவிட்டேன். இப்போது உலகப் பங்குகள் அடங்கிய எக்ஸ்இக்யூரி (XEQT) வாங்குவதா, அமெரிக்கப் பங்குகள் மட்டும் உள்ள விஎஃப்வி (VFV) வாங்குவதா என்று தெரியவில்லை. செலவு குறைந்தது எது? சில வருடங்களில் வீடும் வாங்க வேண்டும்.

கணக்கர் · 2025 ஜனவரி 11

நிதி பிறகு. திங்கட்கிழமை வங்கி திறந்ததும் 14,500 டொலரை வெளியே எடுங்கள்.

102,000 என்பது 2009-இல் ரிஎஃப்எஸ்ஏ தொடங்கியபோதே 18 வயது நிரம்பி, அன்று முதல் இன்றுவரை கனடாவிலேயே இருப்பவரின் கணக்கு. உங்களுக்கு றூம் (போடக்கூடிய அளவு) தொடங்குவது நீங்கள் வதிவாளராக ஆன ஆண்டில். 2023-க்கு 6,500, 2024-க்கு 7,000, 2025-க்கு 7,000. ஆக 20,500. ஒக்ரோபரில் வந்தாலும் 2023-இன் 6,500 முழுதாகவே கிடைக்கும், மாதக்கணக்கில் வெட்ட மாட்டார்கள்.

மிகுதி 14,500-க்கு மாதம் 1% அபராதம், அதாவது 145 டொலர். அந்த மாதத்தில் மிகுதி எவ்வளவு உயர்ந்ததோ அதை வைத்துத்தான் கணக்கு. இன்று எடுத்தாலும் ஜனவரிக்கு 145 உண்டு. ஜனவரி 31-க்குள் எடுத்தால் அதோடு நிற்கும். அடுத்த ஆண்டு ஜூன் 30-க்கு முன் ஆர்சி 243 படிவம் நிரப்பிக் கட்ட வேண்டும். தெரியாமல் நடந்தது, தெரிந்ததும் எடுத்துவிட்டேன் என்று சிஆர்ஏ-க்கு (கனடிய வருமான வரித் துறை) எழுதிக் கேட்டால் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எடுத்ததற்கான வங்கிக் கூற்றைப் பத்திரமாக வையுங்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பி-யில் (RRSP) 2,000 டொலர் வரை கூடுதலாகப் போட்டால் அபராதம் இல்லை. ரிஎஃப்எஸ்ஏ-யில் அந்தச் சலுகை கிடையாது, ஒரு டொலர் கூடினாலும் கணக்குத்தான்.

கணக்கர் · 2025 ஜனவரி 12

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் மீந்திருக்கும் 20,500-ஐ வேறு தரகு நிறுவனத்துக்குக் கொண்டுபோக நினைத்து, வங்கியிலிருந்து கையில் எடுத்து அங்கே போட்டுவிடாதீர்கள். எடுத்த தொகை றூமில் திரும்பச் சேர்வது அடுத்த ஜனவரி 1-இல்தான். அதே வருடம் திரும்பப் போட்டால் இன்னொரு 20,500 மிகுதி.

வழி இது. புதிய நிறுவனத்தில் ரிஎஃப்எஸ்ஏ கணக்கைத் திறந்து, *அவர்களிடம்* மாற்றல் படிவம் நிரப்புங்கள். பழைய வங்கியிடமிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பழைய வங்கி 150 டொலரை ஒட்டி வெளியேற்றக் கட்டணம் பிடிக்கலாம். புதியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள். கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.

வங்கிக் கிளையில் திறக்கும் ரிஎஃப்எஸ்ஏ பெரும்பாலும் வெறும் சேமிப்புக் கணக்கு. அதில் ஈரிஎஃப் (ETF, பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) வாங்க முடியாது. முதலீடு செய்துவிட்டோம் என்று நினைத்துக் காசைச் சொற்ப வட்டிக்கு வருடக்கணக்கில் கிடத்தி வைத்திருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

கணக்கர் · 2025 ஜனவரி 14

இனி நிதி.

எக்ஸ்இக்யூரி ஒன்றை வாங்கினாலே உலகம் முழுக்க அடங்கிவிடும். அமெரிக்கா 45%, கனடா 25%, மற்ற வளர்ந்த நாடுகள் 25%, வளரும் நாடுகள் 5%. இந்தியப் பங்குகளும் அந்த 5-க்குள் இருக்கின்றன. எம்இஆர், அதாவது வருடச் செலவு விகிதம், 0.20%. வன்கார்ட் நிறுவனத்தின் விஇக்யூரி-யும் (VEQT) அதே மாதிரிதான், கனடா 30% அளவில், எம்இஆர் 0.24%. 20,500-க்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வருடத்துக்கு 8 டொலர். இதற்காக ஒரு இரவுத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

காசு எப்போது வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. பத்து வருடத்துக்குத் தொடமாட்டீர்கள் என்றால் எக்ஸ்இக்யூரி. நடுவில் மனம் கலங்கும் என்றால் 80% பங்கும் 20% கடன்பத்திரமும் கொண்ட எக்ஸ்ஜிஆர்ஓ (XGRO), இன்னும் அடக்கமாக 60/40 ஆன எக்ஸ்பிஏஎல் (XBAL). ஆனால் கடன்பத்திரம் இருந்தால் விழாது என்று எண்ண வேண்டாம். 2022-இல் கனடியக் கடன்பத்திரக் குறியீடே 12% அளவு இறங்கியது.

மூன்று நான்கு வருடத்தில் வீட்டு முன்பணத்துக்கு வேண்டிய காசு இவை எதிலும் போகக் கூடாது. அதற்கு ஜிஐசி (வங்கியின் நிலையான வைப்பு), அல்லது உயர்வட்டிச் சேமிப்பு ஈரிஎஃப்.

நெல்லியடி · 2025 ஜனவரி 14

விஎஃப்வி-யை மட்டும் வாங்கினால் என்ன, கணக்கர் அண்ணா? பத்து வருடமாக அதிலுள்ள எஸ்&பி 500 (500 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் குறியீடு) தான் எல்லாவற்றையும் முந்துகிறது. இன்னொன்று, ஆர்ஆர்எஸ்பி-யில் அமெரிக்க ஈரிஎஃப் வாங்கினால் வரி இல்லை என்கிறார்களே?

கணக்கர் · 2025 ஜனவரி 15

முதல் கேள்விக்கு: 2000 தொடக்கம் 2009 முடிய அந்தப் பத்து வருடமும் எஸ்&பி 500, டிவிடெண்டைச் சேர்த்தும், நட்டத்தில் முடிந்தது. கனடிய டொலரில் வைத்திருந்தவருக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அதே காலத்தில் நம் டொலர் 69 அமெரிக்க சதத்திலிருந்து 95 அளவுக்கு ஏறியது. அடுத்த பத்து வருடம் யாருடையது என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது, அதனால்தான் எல்லாவற்றையும் வாங்குகிறோம். எக்ஸ்இக்யூரி-யும் விஎஃப்வி-யும் சேர்த்து வாங்கினால் பரவலாகாது. அமெரிக்காவின் பங்கு கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அரைகுறையாகவே பரவியிருக்கிறது.

அமெரிக்க நிறுவனங்கள் தரும் டிவிடெண்டில் 15%-ஐ அமெரிக்கா பிடித்துக்கொள்ளும். கனடா-அமெரிக்க உடன்படிக்கை ஓய்வுக்காலக் கணக்குக்கு விலக்குத் தருகிறது. ஆர்ஆர்எஸ்பி அந்த வகை, ரிஎஃப்எஸ்ஏ-யும், முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கான எஃப்எச்எஸ்ஏ-யும் (FHSA) அல்ல. ஆர்ஆர்எஸ்பி-யிலும் விலக்கு வேண்டுமென்றால் நீங்கள் வைத்திருப்பது அமெரிக்கச் சந்தையில் அமெரிக்க டொலரில் விற்கும் ஈரிஎஃப் ஆக இருக்க வேண்டும், விரிஐ (VTI) போல. விஎஃப்வி ரொறன்ரோவில் பட்டியலிட்டது. உள்ளே இருப்பது அமெரிக்க ஈரிஎஃப் என்றாலும், 15% போவது நிதியின் மட்டத்தில், உங்கள் கணக்குக்கு வருமுன்பே. ஆர்ஆர்எஸ்பி-யில் வைத்தாலும் அது திரும்பாது.

எவ்வளவு போகிறது? டிவிடெண்ட் 1.3% என்று வைத்தால் அதில் 15% என்பது 0.195%. விஎஃப்வி-யில் 100,000 டொலருக்கு வருடம் 195. எக்ஸ்இக்யூரி-யில் அமெரிக்கப் பகுதி 45% என்பதால் அந்தப் பகுதிக்கு 88 அளவில்.

இதை மிச்சம் பிடிக்க விரிஐ வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். தரகர் டொலர் மாற்றும்போது 1.5% எடுத்தால் 100,000-க்கு 1,500 போயிற்று. 195 வீதம் அதை மீட்க ஏறக்குறைய ஏழே முக்கால் வருடம், திரும்ப மாற்றும்போது இன்னொரு 1,500. அமெரிக்க டொலரையே வைத்திருக்கும் டிஎல்ஆர் (DLR) என்ற ஈரிஎஃப்-ஐக் கனடிய டொலரில் வாங்கி, அதன் அமெரிக்க டொலர் வடிவமான டிஎல்ஆர்.யூ-வுக்கு மாற்றச் சொல்லி, அமெரிக்க டொலரில் விற்றால் இந்தச் செலவு வெகுவாகக் குறையும், சில நாள் பிடிக்கும். ஆர்ஆர்எஸ்பி-யில் ஒரு லட்சத்தை எட்டாதவர்களுக்கு இந்த வேலையே தேவையில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்கப் பட்டியலில் உள்ள சொத்து 60,000 அமெரிக்க டொலரைத் தாண்டி, உரியவர் இறந்துபோனால், வரி வராவிட்டாலும் அமெரிக்க மரணச் சொத்துப் படிவம் போட வேண்டும். அந்தச் சுமை வீட்டிலிருப்பவர் தலையில் விழும். அதையும் நிறுத்துப் பாருங்கள்.

புதுவரவு · 2025 ஜனவரி 18

14,500 எடுத்தாயிற்று. மாற்றல் படிவமும் கொடுத்தாயிற்று. வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கணக்கர் · 2025 ஜனவரி 19

சந்தை காலை 9:30-க்குத் திறக்கும். முதல் கால் மணி நேரம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்றிருக்கும், விட்டுவிடுங்கள். 10 மணிக்குப் பிறகு, 'மார்க்கெட்' (கிடைக்கும் விலைக்கு வாங்குவது) வேண்டாம், 'லிமிட்' (நீங்கள் குறிக்கும் விலைக்கு மேல் வாங்காதது) என்று தெரிந்தெடுங்கள். விற்பவர் கேட்கும் விலை 36.41 என்றால் 36.42 போடுங்கள். 7,000 டொலருக்கு வாங்குவதென்றால், 7,000 ÷ 36.42 = 192.2, ஆகவே 192 அலகு, 6,992.64 டொலர். மீதி 7.36 கணக்கில் கிடக்கட்டும்.

டிவிடெண்டைத் தானாகத் திரும்ப முதலிடும் வசதியை ஒருமுறை போட்டுவிடுங்கள். எக்ஸ்இக்யூரி காலாண்டுக்கு ஒருமுறை தரும், விஇக்யூரி வருடத்துக்கு ஒருமுறை.

கணக்குத் திறக்கும்போது துணைவரை 'பெனிஃபிஷியரி' என்று போடாமல் 'சக்ஸஸர் ஹோல்டர்' என்று போடுங்கள். உங்களுக்குப் பின் ரிஎஃப்எஸ்ஏ அப்படியே அவர் பெயருக்குப் போகும், அவருடைய றூமைத் தொடாது. கியூபெக்கில் இந்த வழி இல்லை.

கணக்கர் · 2025 பெப்ரவரி 2

ஆர்ஆர்எஸ்பி காலம் தொடங்கிவிட்டது, கடைசி நாள் மார்ச் 3. புதிதாக வந்தவர்கள் இதில் இடறுவது வழக்கம் என்பதால் தனியாகவே எழுதுகிறேன்.

றூம் என்பது *முந்தைய* ஆண்டு உழைத்த வருமானத்தில் 18%. 2023-இல் மூன்று மாதம் உழைத்தது 9,000 என்றால் 2024-க்கான றூம் 1,620 மட்டுமே. ஊரில் உழைத்தது சேராது. 2024-இல் 60,000 உழைத்திருந்தால் 2025-க்கு 10,800 றூம் உண்டு. இப்போது 5,000 போட்டால் அபராதம் வராது. ஆனால் இந்த முறை வரி ரிட்டேர்னில் 1,620-ஐ மட்டும் கழிக்கலாம், மீதியை 2025 ரிட்டேர்னில். போட்ட முழுத்தொகையையும் இந்த வருடமே ஷெட்யூல் 7-இல் காட்ட மறக்காதீர்கள்.

புதுவரவுக்கு இரண்டு பிள்ளைகள் என்பதால் இன்னொரு கணக்கு. பிள்ளைகள் நலத்தொகை, அதுதான் சிசிபி, குடும்ப நிகர வருமானத்தைப் பார்த்து வருவது. 2025 ஜூலையில் தொடங்கும் ஆண்டுக்கு, 37,487-க்கும் 81,222-க்கும் இடைப்பட்ட வருமானத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், கூடும் ஒவ்வொரு டொலருக்கும் 13.5 சதம் குறைப்பார்கள். ஆர்ஆர்எஸ்பி நிகர வருமானத்தைக் குறைக்கும். 5,000 கழித்தால் அடுத்த ஜூலையிலிருந்து 12 மாதத்தில் 675 டொலர் சிசிபி கூடுதலாக வரும். ஒன்ராறியோவில் 60,000 வருமானத்துக்குக் கால்பங்குக்குச் சற்று மேலாக வரியும் மிச்சம். இரண்டும் சேர்ந்தால் 5,000-க்கு ஏறக்குறைய 2,000. எந்த எம்இஆர் வித்தியாசமும் இதற்குக் கிட்ட வராது. பிள்ளைகள் உள்ள நடுத்தர வருமானக் குடும்பம் 'ரிஎஃப்எஸ்ஏ நிரம்பிய பிறகு ஆர்ஆர்எஸ்பி' என்ற பொது விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது.

மாறாக, 55 வயதுக்கு மேல் வந்து குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு ரிஎஃப்எஸ்ஏ மட்டும். பின்னாளில் ஜிஐஎஸ் (குறைந்த வருமான முதியோருக்கான அரசு உதவித்தொகை) வாங்கும்போது ஆர்ஆர்எஸ்பி-யிலிருந்து எடுப்பது வருமானமாகக் கணக்கில் சேர்ந்து, டொலருக்கு 50 சதம் அளவுக்கு ஜிஐஎஸ்-ஐக் குறைக்கும். ரிஎஃப்எஸ்ஏ-யிலிருந்து எடுப்பது எங்கும் சேராது. அப்பா அம்மாவுக்கு ஆர்ஆர்எஸ்பி போட்டுக்கொடுப்பவர்கள் இதை யோசியுங்கள்.

பிரம்ரன்வாசி · 2025 பெப்ரவரி 8

வீட்டுக்கு எஃப்எச்எஸ்ஏ திறக்கலாமா? சென்னையில் என் பெயரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. 2022 வரை அதில்தான் இருந்தோம்.

கணக்கர் · 2025 பெப்ரவரி 9

இப்போது முடியாது. கனடாவில் வீடு வாங்கியதில்லை என்பது மட்டும் போதாது. கணக்குத் திறக்கும் ஆண்டிலோ அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலோ, உங்கள் பெயரில் அல்லது துணைவர் பெயரில் உள்ள வீட்டில் வசித்திருக்கக் கூடாது. அந்த வீடு வெளிநாட்டில் இருந்தாலும் விதி ஒன்றுதான். 2022-இல் இருந்தீர்கள் என்றால் 2023, 24, 25, 26 நான்கும் கழிந்து 2027-இல் திறக்கலாம். சொந்தமாக இருந்து, வாடகைக்கு விட்டு, நீங்கள் அதில் வசிக்காமல் இருந்திருந்தால் தடையில்லை.

தகுதி உள்ளவர்கள், போடக் காசு இல்லாவிட்டாலும் கணக்கை இன்றே திறந்துவிடுங்கள். ரிஎஃப்எஸ்ஏ போல வந்த நாளிலிருந்து றூம் சேராது, கணக்குத் திறந்த ஆண்டிலிருந்துதான். வருடம் 8,000, வாழ்நாளுக்கு 40,000.

கணக்கர் · 2025 மார்ச் 16

தனிச்செய்தியில் மூவர் ஒரே கேள்வி. வீட்டுக்கு வரும் காப்புறுதி முகவர் 'செக் ஃபண்ட்' (segregated fund, காப்புறுதி நிறுவனம் விற்கும் முதலீட்டு நிதி) ரிஎஃப்எஸ்ஏ தருகிறார், முதலுக்கு உத்தரவாதம் என்கிறார், எடுக்கலாமா?

உத்தரவாதம் உண்மைதான், குறைந்தது 75%. ஆனால் பத்து வருட முதிர்வில் அல்லது இறப்பில். நடுவில் எடுத்தால் சந்தை விலை. அதற்கு எம்இஆர் 2.5% அளவில். 100,000-க்கு வருடம் 2,500 போகும், எக்ஸ்இக்யூரி-யில் 200. சொந்தத் தொழில் செய்து, கடன்காரர்களிடமிருந்து காசைக் காக்க வேண்டியவருக்கு இதில் பயன் உண்டு. சம்பளக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், வெளியேறக் கட்டணம் எந்த ஆண்டோடு முடிகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்த மறுநாள் மாற்றல் படிவம்.

கணக்கர் · 2025 ஏப்ரல் 8

சந்தை விழுகிறது, தெரியும். விற்காதீர்கள். ரிஎஃப்எஸ்ஏ-க்குள் நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தை வரியில் எங்கும் கழிக்க முடியாது. காசை வெளியே எடுத்தால் இந்த வருடம் திரும்பப் போடவும் முடியாது.

கோவைக்காரர் · 2025 ஏப்ரல் 19

ஊரில் நிஃப்டி எஸ்ஐபி ஓடிக்கொண்டிருக்கிறது. என்ஆர்ஈ (வெளிநாட்டில் வாழ்வோருக்கான இந்திய வங்கிக் கணக்கு) வைப்பும் உண்டு. இந்தியாவில் வரியில்லை என்பதால் இங்கே காட்டத் தேவையில்லைதானே?

கணக்கர் · 2025 ஏப்ரல் 20

காட்ட வேண்டும். என்ஆர்ஈ வட்டிக்கு இந்தியா வரி விதிப்பதில்லை, கனடா விதிக்கும். இலங்கை வைப்பு வட்டியும் அப்படியே. அங்கே பிடித்த வரியை வெளிநாட்டு வரிக் கழிவாக இங்கே கேட்கலாம். பிபிஎஃப் (இந்திய அரசின் சேமநிதி) வட்டிக்கும் கனடாவில் விலக்கு இல்லை.

வெளிநாட்டுச் சொத்தின் கொள்விலை 100,000 கனடிய டொலரைத் தாண்டினால் அதைத் தெரிவிக்கும் ரி1135 படிவம் போட வேண்டும். வாடகைக்கு விட்ட வீடு சேரும், நீங்களே பாவிக்கும் வீடு சேராது. வதிவாளரான முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு. பிந்தினால் நாளுக்கு 25 டொலர், 2,500 வரை. ரொறன்ரோவில் பட்டியலிட்ட எக்ஸ்இக்யூரி எந்தக் கணக்கில் இருந்தாலும் இதில் சேராது.

கனடா வந்த நாளில் உங்கள் நிஃப்டி நிதி என்ன விலையோ, அதுவே கனடிய வரிக்கு உங்கள் கொள்விலை. 10 ரூபாய்க்கு வாங்கியது அன்று 40 என்றால், கனடா பார்ப்பது 40-க்கு மேல் ஏறியதை மட்டும். வந்த திகதியின் என்ஏவி-யையும் (நிதியின் அலகு விலை) அன்றைய கனடிய மத்திய வங்கி நாணய விகிதத்தையும் இப்போதே பதிவிறக்கி வையுங்கள். உங்கள் நிதி நிறுவனத்துக்கு என்ஆர்ஐ ஆகிவிட்டதையும் தெரிவித்துக் கேஒய்சி-யை மாற்றுங்கள்.

கணக்கர் · 2025 ஓகஸ்ட் 23

ஊருக்குத் திரும்புவோர், லண்டனுக்கு மாறுவோர் கேட்டதற்கு: ரிஎஃப்எஸ்ஏ-யை மூட வேண்டியதில்லை, கனடா அதற்குத் தொடர்ந்து வரி கேட்காது. ஆனால் வதிவாளர் அல்லாத காலத்தில் போட்டால் மாதம் 1%, புதிய றூமும் சேராது. பிரித்தானியாவும் இந்தியாவும் இதை வரியற்ற கணக்காக ஏற்பதில்லை, அங்கே வதிவாளரானபின் வரும் இலாபத்துக்கு வரி உண்டு. ஆகவே புறப்படுமுன் கனடாவிலேயே விற்று, உடனே திரும்ப வாங்கியோ வாங்காமலோ, கணக்கைத் தெளிவாக்கிக்கொண்டு போவது நல்லது. பல தரகர்கள் வெளிநாட்டு முகவரியைக் கண்டதும் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், விற்க மட்டும் விடுவார்கள். ஆர்ஆர்எஸ்பி-யை மொத்தமாக எடுத்தால் வதிவாளர் அல்லாதவருக்கு 25% பிடிப்பு.

கணக்கர் · 2025 நவம்பர் 22

2026-க்கு ரிஎஃப்எஸ்ஏ வரம்பு 7,000-தான். ஆர்ஆர்எஸ்பி உச்சம் 33,810. வன்கார்ட் விஇக்யூரி-யின் நிர்வாகக் கட்டணத்தை 0.22%-இலிருந்து 0.17%-ஆகக் குறைத்திருக்கிறது, ஜனவரி 14 குறிப்பில் உள்ள 0.24% எம்இஆர் இனிப் பொருந்தாது. எது கையில் இருக்கிறதோ அதையே வைத்திருங்கள்.

ரிஎஃப்எஸ்ஏ-யிலிருந்து விரைவில் எடுக்க நினைப்பவர்கள் டிசம்பர் 31-க்குள் காசு கணக்கை விட்டு *வெளியேறும்படி* பாருங்கள். விற்ற மறுநாள்தான் தீர்வாகும், கடைசி வாரத்தில் விடுமுறை. ஜனவரி 2 என்றால் றூம் திரும்ப முழுதாக ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

புதுவரவு · 2026 ஜனவரி 3

சென்ற வருடம் எடுத்த 14,500 இந்த ஜனவரியில் திரும்பச் சேரும் என்றீர்கள். அதோடு புதிய 7,000. ஆக 21,500 போடலாம், சரியா? சிஆர்ஏ தளத்தில் வேறு எண் தெரிகிறது.

கணக்கர் · 2026 ஜனவரி 4

இல்லை, 7,000 மட்டும். 2025-இல் உங்கள் றூம் 20,500, போட்டது 35,000, ஆகவே வருடக் கடைசியில் றூம் கழித்தல் 14,500. ஜனவரி 1-இல் எடுத்த 14,500 சேர்ந்தால் பூச்சியம். அதன்மேல் 7,000.

தளத்தில் தெரியும் எண்ணை இப்போது நம்ப வேண்டாம். நிறுவனங்கள் சென்ற வருடப் போடல், எடுத்தல் விவரங்களைப் பெப்ரவரி கடைசிக்குள்தான் அனுப்பும், அதன்பிறகே அது சரியாகும். ஆர்சி 243-க்கு இந்த ஜூன் 30 கடைசி நாள். தள்ளுபடிக் கடிதத்தை அதோடு சேர்த்தே அனுப்புங்கள், 2025 ஜனவரி வங்கிக் கூற்றின் பிரதியோடு.

வாங்கும்போது லிமிட்.